பூட்டுக்காரர் சொல்லாமல் போவது



2019 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தியன்று விடியற்காலை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே உள்ள லலிதா ஜுவல்லரியில் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. பூட்டுகள் பூட்டியபடியே இருந்தன. வாசலில் காவலர்களும் இருந்தார்கள். காலையில் ஊழியர்கள் வந்து கடையைத் திறந்தபோது நகைத் தட்டுகள் காலியாகக் கிடந்தன. பின்பக்கச் சுவரில் ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு துளை. முகமூடியும் கையுறையும் போட்ட இரண்டு பேர் அதன் வழியாக வந்து, சுமார் 13 கோடி ரூபாய் மதிப்புள்ள தங்க, வைர, பிளாட்டின நகைகளை அள்ளிக்கொண்டு, மோப்ப நாய்க்குத் தடம் கிடைக்காதபடி மிளகாய்த் தூளைத் தூவிவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் இரவு திருவாரூரில் நடந்த வாகனச் சோதனையில் கிட்டத்தட்ட 5 கிலோ நகையோடு ஒருவர் பிடிபட்டார். கும்பலின் தலைவரும் திருவாரூர்க்காரர்தான். சில நாட்களில் அவர் பெங்களூரு நீதிமன்றத்தில் சரணடைந்தார். திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையோரம் புதைத்து வைத்திருந்த நகைகளைப் போலீசார் தோண்டி எடுத்தார்கள்.

அதே ஆண்டு ஜனவரியில், திருச்சி நம்பர் 1 டோல்கேட்டில் பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையிலும் இதே கதைதான். 26ஆம் தேதி சனிக்கிழமை குடியரசு நாள், மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை வங்கியைத் திறந்தவர்கள் பின்சுவரில் துளையையும், உடைக்கப்பட்ட ஐந்து லாக்கர்களையும் பார்த்தார்கள். இதையும் அந்தத் திருவாரூர்க் கும்பல்தான் செய்தது என்று பிறகு விசாரணையில் தெரிந்தது.

இரண்டு இடத்திலும் முன்வாசல் பூட்டின்மேல் யாரும் கை வைக்கவில்லை. களவு நடந்த பிறகு போலீஸ் வருகிறது, கைரேகை நிபுணர் வருகிறார், தொலைக்காட்சிக் கேமராக்கள் வருகின்றன. களவுக்கு முன்பே இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் வந்துபோகிற ஒருவரை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அவர்தான் பூட்டு ரிப்பேர்காரர். ஒரு கட்டடத்தின் பலவீனங்களை அதன் உரிமையாளரைவிட அவர் நன்றாக அறிவார். அறிந்தும் வாயைத் திறக்காமல் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர் ஏன் சொல்வதில்லை என்பதைத்தான் இன்றைக்குப் பேச வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் அவரைவிட நம்மிடம்தான் அதிகம் இருக்கிறது.

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உள்ள ஒரு வணிக வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஜவுளிக்கடை, செல்போன் கடை, மருந்துக்கடை. முதல் மாடியில் நகைக்கடன் நிறுவனம், ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் அலுவலகம். ஒரு கடையின் ஷட்டர் பூட்டு சிக்கிக்கொண்டது என்று பூட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்கள். அவர் வேலை பார்ப்பது அரை மணி நேரம். அதற்குள் அவர் கண்ணில் படுபவை என்னென்ன? காவலாளியின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சாவி, சாவியோடு கடை எண் எழுதிய அட்டை. காவலாளி டீ குடிக்கப் போயிருக்கிறார். மாடிப்படி கிரில் கேட்டின் சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது, அது அங்கே இருப்பது பால்காரர் வரைக்கும் தெரியும். ஷட்டரில் தொங்குவது விலை உயர்ந்த பூட்டு. ஆனால் அது மாட்டியிருக்கிற கொண்டியை வெளிப்பக்கமாகத் திருகாணி வைத்து முடுக்கியிருக்கிறார்கள், திருகாணியின் தலை துருப்பிடித்து வெளியே தெரிகிறது. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டே இல்லை, கம்பியை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கேமராப் பதிவுப் பெட்டி திறந்த அலமாரியில் இருக்கிறது, அதன் கடவுச்சொல் ஒரு துண்டுத் தாளில் அதன் தலைமேலேயே ஒட்டியிருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு வாடகைதாரர் காலி செய்துவிட்டுப் போனார், புதியவர் வந்தார், பூட்டு மட்டும் மாறவில்லை. பூட்டுக்காரர் இதற்கு முன் அதே பூட்டுக்கு மூன்று நான்கு சாவி போட்டுக் கொடுத்தவர். அவற்றில் எது இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் அந்தக் கட்டடத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது.

சாவி போடுகிற வேலையை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். மூலச் சாவி தொலைந்துபோயிருக்கும். அவர் ஒரு வெட்டாத பித்தளைச் சாவியைப் பூட்டுக்குள் விட்டு, லேசாக அழுத்தித் திருப்பி, வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். பளபளப்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு மங்கல் தெரியும். அந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே, மறுபடி வெயில். கண்ணும் விரலும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஆண்டுக்கணக்கில் பழகாமல் வராது. இந்தக் கையின் மதிப்பு தெரிந்த நாடு இது. திண்டுக்கல்லில் கையால் செய்கிற பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, திறக்கும்போது மணி அடிக்கிற பூட்டு என்று அங்கே செய்த வகைகள் இன்னமும் பழைய வீடுகளில் இருக்கின்றன. அந்தத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியில் அவர் கைவேலை மட்டும்தான் கணக்கில் வருகிறது. அவர் கண்ணில் பட்டதற்கு விலையும் இல்லை, கேட்பாரும் இல்லை.

கடைப் பையன் கையில் ஒரு சாவியைக் கொடுத்து, "ஒரு டூப்ளிகேட் போட்டுக்கிட்டு வா" என்று அனுப்புகிறார்கள். எந்தக் கதவின் சாவி, யார் கேட்டது, எத்தனை போட்டது என்று எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. பெரிய கட்டடங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் ஒரு சாவி, எல்லா அறைக்கும் சேர்த்து ஒரு மாஸ்டர் சாவி. பூட்டுக்குள் இருக்கிற பின்களை இரண்டு உயரத்தில் திறக்கும்படி அமைத்தால் இது முடியும். நிர்வாகத்துக்கு வசதிதான். ஆனால் மாட் பிளேஸ் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 2003இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில் தன் அறைச் சாவியை மட்டும் வைத்திருக்கிற ஒருவர், பூட்டைக் கழற்றாமலேயே, சில வெட்டாத சாவிகளையும் ஓர் அரத்தையும் கொண்டு முழுக் கட்டடத்தின் மாஸ்டர் சாவியை உருவாக்கிவிட முடியும் என்று காட்டினார். பூட்டுத் தொழிலாளர்கள் பலருக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர்கள் சொன்ன குறை, இது பொய் என்பதல்ல. இது எங்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும், இதை ஏன் ஊரறியச் சொன்னாய் என்பதுதான். தெரிந்தவர்கள் சொல்லவில்லை, குடியிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த மாஸ்டர் சாவிப் பூட்டுகள் அலுவலகங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் அப்போது ஏராளமாக இருந்தன.

இதைவிடத் தெளிவான ஒரு சம்பவம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அணுகுண்டு உருவான அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் நடந்தது. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் தம் நினைவுகளில் அதைச் சொல்லியிருக்கிறார். அங்கே பணிபுரிந்த ஒரு கேப்டன் தம் அறையில் மிகப் பெரிய இரும்புப் பெட்டகம் ஒன்றை வைத்திருந்தார். அவர் இல்லாத நேரத்தில் அதைத் திறக்க வேண்டிவந்தது. அந்த வளாகத்தின் பூட்டுக்காரர் போய்ச் சில நிமிடங்களில் திறந்துவிட்டார். பெட்டகம் திறப்பதில் தாமும் ஆர்வம் கொண்டிருந்த ஃபைன்மேன், இவரிடம் ஏதோ பெரிய வித்தை இருக்கிறது என்று எண்ணி, மெல்லப் பழகி, எப்படித் திறந்தீர்கள் என்று கேட்டார். வித்தை ஒன்றும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தப் பூட்டுகளில் 25-0-25 அல்லது 50-25-50 என்ற எண்கள்தான் இருக்கும். கேப்டன் மாற்றியிருக்க மாட்டார் என்று நினைத்துப் போட்டுப் பார்த்தார், இரண்டாவது எண்ணில் திறந்துகொண்டது. அதன்பிறகு ஃபைன்மேன் தாமே அறை அறையாகப் போய்ப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெட்டகம் அந்த எண்களிலேயே திறந்தது. உலகத்தின் மிகப் பெரிய இராணுவ ரகசியம் வைத்திருந்த இடத்தின் நிலைமை அது.

ஏறக்குறைய 70 ஆண்டு கழிந்தும் பழக்கம் மாறவில்லை. 2016இல் இணையத்தின் பல பெரிய தளங்களை முடக்கிய 'மிராய்' என்ற நாசநிரல், கேமராக்களுக்குள்ளும் பதிவுப் பெட்டிகளுக்குள்ளும் புகுந்தது எப்படி? தயாரிப்பாளர் போட்டு அனுப்பிய, யாரும் மாற்றாத, சுமார் 60 பயனர்பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாக முயன்றுதான். களவைப் பிடிப்பதற்கு என்று வாங்கிய கேமராவே கள்ளனுக்கு வாசலாகிவிடுகிறது.

சரி, லாஸ் அலமோஸ் பூட்டுக்காரர் இதை மேலதிகாரிகளிடம் ஏன் சொல்லவில்லை? தஞ்சாவூர்ப் பூட்டுக்காரர் வளாகத்து முதலாளியிடம் ஏன் சொல்வதில்லை? "உங்க பின்வாசல் ரெண்டு நிமிஷத்துல திறக்கும்ங்க" என்று அவர் சொன்னால், அடுத்த மாதம் அங்கே ஏதாவது தொலைந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் முதலில் உட்கார வைப்பது யாரை? சொன்னவரைத்தான். தொழிலும் போய், பெயரும் போய், பெஞ்சில் காத்திருக்க வேண்டும். ஆகவே அவர் ஷட்டரை மட்டும் சரிசெய்துவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு போகிறார். அது அவர் பிழைப்புக்கு அவர் கண்டுகொண்ட பாதுகாப்பு.

இந்த அச்சம் நியாயமானது என்பதற்கும் ஃபைன்மேன் கதையிலேயே சான்று இருக்கிறது. ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் ஓர் உயர் அதிகாரியிடம், பெட்டகத்தைத் திறந்து போட்டிருந்தால் அதன் எண்களைப் பிறர் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் செய்தே காட்டினார். அதிகாரி உடனே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பெட்டகங்களைத் திறந்து போடாதீர்கள் என்று அதில் இல்லை. அந்த மனிதர் உங்கள் அறைக்கோ அறையின் பக்கத்திலோ வந்தாரா, வந்திருந்தால் உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. ஓட்டையைக் காட்டியவரே அவர்கள் கண்ணுக்கு ஓட்டையாகத் தெரிந்தார்.

1851இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சியிலும் இதே வாக்குவாதம் எழுந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு வல்லுநர், இங்கிலாந்தின் பெருமையாக இருந்த சப் நிறுவனப் பூட்டைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு பிக்காடிலிக் கடைச் சன்னலில் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த பிராமா பூட்டை எடுத்தார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தார்கள். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். இதையெல்லாம் பொதுவில் பேசினால் திருடர்களுக்குப் பாடம் எடுத்ததாகாதா என்று பத்திரிகைகளில் பலர் கேட்டார்கள். 1853இல் வந்த அவருடைய பூட்டு நூல் அதற்குச் சொன்ன பதிலின் சாரம் இது: திருடர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பவர்கள் காசு கொடுத்து வாங்குகிற நேர்மையான மக்கள்தான். அந்த வாதத்தால் பூட்டுத் தொழில் அழியவில்லை. இங்கிலாந்தின் பூட்டுகள் இன்னும் வலுவாகவே ஆயின.

ஆனால் முதலாளிகளின் சந்தேகம் முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. நம் பகுதியிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கும்பகோணத்தை ஒட்டிய சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து நடராசர் செப்புத் திருமேனி கிடைத்தது. 1954இல் பழுதுபார்ப்பதற்காக அதைக் கும்பகோணத்துச் சிற்பி ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். திரும்பி வந்தது நகல். மூலம் பம்பாய் வழியாக அமெரிக்கா போய், 1973இல் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையால் வாங்கப்பட்டு, வழக்குக்குப் பிறகு 1980களில்தான் இந்தியா திரும்பியது. அங்கே வேலியே பயிரை மேய்ந்தது. அண்மைக் காலத்தில், 2022 ஆகஸ்டில், சென்னை அரும்பாக்கத்தில் ஃபெட்பேங்க் நகைக்கடன் கிளையில் 31 கிலோவுக்கு மேல் தங்கம் கொள்ளை போனது. முன்னின்று நடத்தியவர் அதே நிறுவனத்தின் வேறொரு கிளையில் வேலை பார்த்தவர். யார் எத்தனை மணிக்கு இருப்பார்கள், சாவி எங்கே இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆக, உள்ளே வந்து போகிறவர்கள் எல்லோரையும் கண்ணை மூடி நம்பு என்று யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது. நம்பிக்கை, சந்தேகம் இரண்டும் மனநிலைகள். கட்டடத்துக்கு வேண்டியது நோட்டுப் புத்தகம். யாரிடம் எது ஒப்படைக்கப்பட்டது, எப்போது திரும்பியது, திரும்பியது அதுதானா என்று பார்த்தவர் யார் என்ற பதிவு. சிவபுரத்தில் திருமேனி திரும்பி வந்த அன்றே ஒருவர் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் நகல் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

இது நகரத்துக் கடைக்காரர்களின் கவலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் டெல்டாவில் குறுவைக்கு உழவு தொடங்கும். விதைக்கும் உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் பணம் வேண்டும். வீட்டுப் பெண்களின் வளையலும் சங்கிலியும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ, வங்கிக்கோ, மேலே சொன்னது போன்ற வளாகத்தின் முதல் மாடியில் இருக்கிற நகைக்கடன் நிறுவனத்துக்கோ போகின்றன. அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அளந்து, பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் மீட்பார்கள். சில நகைகள் ஒரு போகத்துக்கு மேலும் அங்கேயே கிடக்கும். அதுவரை ஒரு கிராமத்தின் தங்கம் ஒரு பெட்டகத்துக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அவசரத்துக்கு வசதி என்று இரண்டையும் ஒரே கொத்தில் ஒருவர் இடுப்பில் செருகிக்கொள்கிற நாளில் அந்த விதியின் பயன் முழுவதும் போய்விடுகிறது. பெட்டகம் என்னவோ அதே எடையோடு அதே இடத்தில்தான் நிற்கும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பெட்டகத்துக்கு எண்ணெய் போட வருகிற பூட்டுக்காரருக்குத் தெரியும்.

வங்கி லாக்கர்களில் இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. கொல்கத்தாவில் ஒரு குடும்பம் 1950களிலிருந்து வைத்திருந்த லாக்கரை, வாடகை பாக்கி என்று சொல்லி 1994இல் வங்கி உடைத்துத் திறந்தது. வாடகை ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. உள்ளே ஏழு நகைகள் இருந்தன என்றது குடும்பம், திரும்பி வந்தவை இரண்டு. 2021 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு வந்தது. லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, ஆகவே பொறுப்பில்லை என்று வங்கிகள் கைகழுவ முடியாது என்றது நீதிமன்றம். வங்கி 5 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், ஆறு மாதத்தில் விதிமுறை வகுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கிக்கும் உத்தரவிட்டது.

அதன்படி 2021 ஆகஸ்ட் 18 அன்று வெளியாகி, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளை ஒவ்வொரு வணிக வளாகத்துக்காரரும் படிக்க வேண்டும். வங்கியின் கவனக்குறைவாலோ ஊழியர் மோசடியாலோ இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை பொறுப்பு என்பது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அதைவிடப் பயனுள்ளவை உள்ளே இருக்கிற சிறிய வரிகள். ஒருவர் லாக்கரை ஒப்படைத்தால் அந்தப் பூட்டை வேறொன்றோடு மாற்ற வேண்டும். காலி லாக்கர்களின் சாவிகளை உறையில் இட்டு முத்திரை வைக்க வேண்டும். மாஸ்டர் சாவியின் மாற்றுப் பிரதி வேறொரு கிளையில் இருக்க வேண்டும். சாவிப் பொறுப்பில் சம்பந்தமே இல்லாத ஓர் அதிகாரி முன்னறிவிப்பின்றி வந்து சாவிகளைச் சரிபார்க்க வேண்டும். அறை வாசல் கேமராப் பதிவு குறைந்தது 180 நாள் இருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய எஃகுக் கதவு தேவையில்லை. ஜவுளிக்கடையும் மருந்துக்கடையும் நாளைக்கே பின்பற்றலாம்.

பூட்டியபின் திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் ஓர் அலட்சியம்தான். அதன் விலையை நமக்குக் காட்டியது கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான். வழிபாடு நின்றுபோய்ப் பூட்டிக் கிடந்த சோழர் காலச் சிவன் கோயில். 2006இல் கள்ளர்கள் அங்கே புகுந்து நடராசர் முதலான திருமேனிகளைக் கொண்டுபோனார்கள். உடைத்த பூட்டை வெளியே பார்த்தால் தெரியாதபடி ஒட்டிவைத்துவிட்டுப் போனார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. 2008இல் பாதுகாப்புக்காகத் திருமேனிகளை வேறிடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று அறநிலையத் துறையினர் வந்தபோது ஊர் மக்கள் மறுத்தார்கள். எங்கள் சாமியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இரும்புக் கதவு போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அந்தக் கதவு போடுவதற்காகத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அந்த மக்களின் பக்தியில் குறை இல்லை. பூட்டு தொங்கியது, ஆகவே சாமி உள்ளே இருக்கிறார் என்று நம்பினார்கள். அதே 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு அந்த நடராசரை வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பு எடுத்து வைத்திருந்த புகைப்படம் அடையாளம் காட்ட உதவியது. 2014 செப்டம்பரில் திருமேனி இந்தியா திரும்பியது. கோயில் சார்பில் யாரிடமும் ஒரு பட்டியலோ படமோ இல்லாமல், எங்கோ ஓர் ஆய்வு நிறுவனத்தின் பெட்டியில் இருந்த படம் கைகொடுத்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். களவுக்குப் பயந்து போடுகிற பூட்டே உயிரை வாங்கிவிடும். வணிக வளாகங்களில் பூட்டுக்காரருக்கு அடிக்கடி வருகிற வேலை, பின்படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டு போடுவது. பொருள் வெளியே போகிறது, பையன்கள் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்த ஊர்க்காரர்கள் நாம். கூரை எரிந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது ஒரு குறுகலான படிக்கட்டு. 1997 ஜூனில் டெல்லி உபஹார் திரையரங்குத் தீயில் 59 பேர் மூச்சடைத்து இறந்ததற்கு மாடியில் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தது முக்கியக் காரணம் என்று நீதிமன்றங்கள் கண்டன. இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் 1883இல் ஒரு நிகழ்ச்சி முடிந்து பரிசு வாங்க ஓடிவந்த குழந்தைகள், ஒருவர் மட்டுமே நுழையும்படி தாழிட்டிருந்த ஒரு கதவின் பின்னால் நெருக்குண்டு 183 பேர் மாண்டார்கள். அதன்பிறகு அந்த நாட்டில் வந்ததுதான் உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்கிற தாழ். வெளியிலிருந்து அதைத் திறக்க முடியாது. இன்று நம் ஊர் வன்பொருள் கடைகளிலும் சொல்லி வைத்தால் தருவித்துக் கொடுப்பார்கள். பின்வாசலுக்குத் தொங்குபூட்டு கேட்கிற முதலாளியிடம், "அது வேண்டாங்க, இதைப் போட்டுக்குங்க" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அப்போது அங்கே நிற்கிற பூட்டுக்காரர். அந்த ஒரு வாக்கியத்தை அவர் தயங்காமல் சொல்லும்படி நாம் நடந்துகொள்ள வேண்டாமா?

அதற்கு வழி இருக்கிறது. இந்த அவையில் கடைவீதி வணிகர்கள் பலர் இருக்கிறீர்கள், ஆகவே வேலையாகவே சொல்லிவிடலாம். தீபாவளிக்கு முன் ஒரு முறை, சம்பா அறுவடைக்கு முன் ஒரு முறை, வளாகத்தின் பொறுப்பாளரும் பூட்டுக்காரரும் சேர்ந்து கீழிருந்து மொட்டை மாடி வரை நடக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்லப் பொறுப்பாளர் எழுத வேண்டும்: எந்தக் கொண்டி வெளியே திருகியிருக்கிறது, எந்தச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர், பக்கத்து மனையில் யாரும் நடமாடாத இடம் எது, எந்தச் சாவிக்கு எத்தனை பிரதி, எந்தக் கதவை உள்ளிருந்து திறக்க முடியவில்லை. இரண்டு பேரும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் முதலாளியிடமும் இருக்க வேண்டும், பூட்டுக்காரரிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும். பின்னாளில் ஏதாவது நடந்தால், நான் சொன்னேன், இன்ன தேதியில் சொன்னேன் என்று அவர் எடுத்துக் காட்டுவதற்கு அது வேண்டும்.

அந்த நடைக்கு ஒரு நாள் கூலியைத் தனியாகக் கொடுங்கள். பூட்டு விற்கிற லாபத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் அவர் பூட்டை விற்கத்தான் பார்ப்பார், ஓட்டையைச் சொல்ல மாட்டார். சாவி போட்டுக் கொடுப்பவரிடம் ஒரு நோட்டும் இருக்கட்டும். சாவி கொண்டு வந்தவர் பெயர், கடை, எத்தனை பிரதி என்று எழுதி ஒரு கையெழுத்து வாங்குவதில் இரண்டு நிமிடம் போகும். வணிகர் சங்கங்கள் அச்சடித்துக் கொடுத்தால் அவர்கள் மறுக்கப்போவதில்லை. வாடகைதாரர் மாறும்போது பூட்டின் உள்பகுதியை மட்டும் மாற்றுவதற்கு ஆகும் செலவு, புது வாடகைதாரர் தருகிற முன்பணத்தில் கண்ணுக்கே தெரியாத தொகை. வாடகை ஒப்பந்தத்திலேயே அதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், யார் செலவு என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.